பிடிங்க, விடுங்க

விசில் டீச்சருக்கு ரகசியம் பேச வராது. மனசில் ஒன்றுமில்லாதவள் என்று அர்த்தமல்ல, குரல் ஒத்துழைக்காது. மைதானத்தின் இந்த மூலையில் நின்றுகொண்டு அந்த மூலையில் ஓடும் பிள்ளையை இருபத்திரண்டு வருடம் திட்டித் திட்டி அவள் தொண்டை அப்படி ஆகிவிட்டது. என் காதருகே குனிந்து, "அக்கா, இது யாருக்கும் தெரிய வேணாம்" என்று அவள் ஆரம்பித்தால், பக்கத்து அறையில் அறிவியல் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வார். அவளுக்கு விசிலே தேவையில்லை. ஆனாலும் கழுத்தில் ஒன்று எப்போதும் தொங்கும். பிள்ளைகள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

நான் அந்தப் பள்ளியின் ஆபீஸ் கிளார்க். சான்றிதழ் அடிப்பது, ஃபைல் கட்டுவது, தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்குவது, திட்டு வாங்குவது, எல்லாம் என் வேலை. டீச்சர் என்னைவிட மூன்று வயது சின்னவள். பதினோரு வருடமாக இருவரும் என் மேசையில்தான் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறோம். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் நினைப்பில் இடி விழ.

இத்தனை பெரிய குரலை வைத்துக்கொண்டு அவள் அதிகம் சொன்ன வார்த்தை எது தெரியுமா? "விடுங்க." அவ்வளவுதான். மைதானத்தில் பாதியைக் கார் நிறுத்த எடுத்துக்கொண்டார்கள். "விடுங்கக்கா, மீதி பாதி இருக்கில்ல." விளையாட்டு பீரியடைக் கணக்கு சார் வாரம் இரண்டு முறை பிடுங்கிக்கொள்வார். "பாவம், பாடம் முடியல போல. விடுங்க." அவள் அறையின் நாற்காலியை யாரோ தூக்கிப் போய்விட்டார்கள், நாலு மாதம் பந்து மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏன் டீச்சர், உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?"

"இருந்து மட்டும் என்ன பண்ணப் போறேன்? விடுங்கக்கா."

வீட்டிலும் இதே கதைதான். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனும் அண்ணியும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியம், சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். சமையலறைக்கும் பின்பக்கத் துணி துவைக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு நடை இருக்கிறது. அதில்தான் அவள் கட்டில். கட்டிலுக்கு அடியில் வீட்டாருடைய பெட்டிகள், தலைமாட்டில் இஸ்திரி மேசை. இரண்டு பக்கமும் வாசல், ஒன்றுக்கும் கதவு கிடையாது. துணி உலர்த்தப் போகிறவர்கள், வாளி எடுக்க வருகிறவர்கள், பல் தேய்த்துக்கொண்டே போகும் அண்ணன் மகன், எல்லாரும் அவள் கால்மாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். புடவை மாற்ற வேண்டுமென்றால் குளியலறைக்குப் போவாள். அழ வேண்டுமென்றாலும் அங்கேதான் போவாளோ என்னவோ, நான் கேட்டதில்லை.

ஒருநாள் நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணி என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "எங்க வீட்ல இவளுக்கு எந்தக் குறையும் இல்லீங்க. எங்க வேணா படுத்துப்பா, எதைப் போட்டாலும் சாப்பிடுவா. இவ இல்லேன்னா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது." பேசிக்கொண்டிருக்கும்போதே டீச்சரின் மடியைத் தாண்டிக் கையை நீட்டி ஜன்னலில் இருந்த சோப்புப் பெட்டியை எடுத்தாள். டீச்சர் பழகிய ஆள்போல் உடம்பை வளைத்து வழி விட்டாள்.

அப்படி இருந்தவளுக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் நிர்வாகமே வேறொரு ஊரில் பெண் பிள்ளைகளுக்கு விளையாட்டு விடுதி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வார்டனாக இவளைப் போட்டிருந்தார்கள். விண்ணப்பம் போட்டதையே அவள் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் குரலை வைத்துக்கொண்டு ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறாள் பாருங்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டும் வந்திருந்தாள். எப்படி இருக்கிறது, எத்தனை மாடி, மைதானம் பெரிதா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவள் ஒன்றைத்தான் சொன்னாள்.

"வார்டன் ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குக்கா. நானே போட்டுப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எடுத்தேன். மறுபடியும் போட்டேன்."

சாப்பாட்டைக் கவனிப்பது போல் குனிந்துகொண்டேன்.

விடுதி திறக்க மூன்று மாதம் இருந்தது. குறிப்பிட்ட மாதம் பதினைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் இருந்தது. போவதற்கு முன் இங்கே தலைமையாசிரியை ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். விடுவிப்பு ஆணை என்று அதற்குப் பெயர். அந்தத் தாள் இல்லாமல் போனால் அங்கே வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள். அன்றைக்கே நான் நாலு பிரதி அடித்து, தேதி போடும் இடத்தை மட்டும் காலியாக விட்டு, நீல ஃபைலில் வைத்துக் கொடுத்தேன்.

அவள் கையெழுத்துக்குப் போன நேரம்தான் சரியில்லை. முந்தின நாள் சாயங்காலம் எங்கள் பெரிய மேடம், அதாவது தலைமையாசிரியை, வேறொரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போய்விட்டு வயிற்றெரிச்சலோடு வந்திருந்தார்.

"அந்த ஸ்கூல் பசங்க பால்ரூம் டான்ஸ் ஆடறாங்க டீச்சர்! ஜோடி ஜோடியா, வால்ட்ஸ்! நம்ம பசங்க இன்னும் கையைத் தூக்கு, கையை இறக்குன்னு நிக்கறாங்க. எனக்கு அங்க உட்காரவே முடியல. பள்ளிகளுக்குள்ள போட்டி வேற வெக்கிறாங்களாம். உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"எனக்கு டான்ஸ் தெரியாது மேடம்."

"கை கால் உங்க டிபார்ட்மென்ட்தானே? போட்டி நீங்க அங்க சேர வேண்டிய மாசம் ஒன்பதாம் தேதி. நல்லா முடிச்சுக் குடுங்க, பத்தாம் தேதி இதுல கையெழுத்துப் போட்டுடறேன். நீங்க போறதுல எனக்கென்ன வருத்தம், சந்தோஷம்தான்."

நீல ஃபைல் என் மேசை டிராயருக்குத் திரும்பி வந்தது. நான் குதித்தேன். "அது என்ன பேரமா? ஆர்டர் வந்தா போட வேண்டியதுதானே!"

"விடுங்கக்கா. மூணு மாசம்தானே. கத்துக்கறேன்."

கற்றுக்கொண்டது என் ஆபீஸ் கம்ப்யூட்டரில், மதிய இடைவேளையில். ஜோடி வேண்டுமே? நான்தான் மாட்டிக்கொண்டேன். ஃபைல் அறையில் இரும்பு பீரோக்களுக்கு நடுவே ஆள் திரும்பும் அளவுக்கு ஒரு சந்து உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு அங்கே ஆடினோம். ஒருவர் முன்னால் கால் வைத்தால் மற்றவர் பின்னால் வைக்க வேண்டும், அப்புறம் பக்கவாட்டில், அப்புறம் கால் சேர்க்க வேண்டும். தரையில் கட்டம் வரைவது போலத்தான்.

"நான் ஆம்பளை, நீங்க பொம்பளைக்கா."

"ஏன்டி, நான் ஆம்பளையா இருந்தா ஆகாதா?"

"உங்க முழங்காலுக்கு முன்னாடி போறது கஷ்டம். பின்னாடி வாங்க."

பின்னால் போய்ப் போய் என் இடுப்பு பீரோ கைப்பிடியில் இடித்து இரண்டு வாரம் நீலம் பாரித்துக் கிடந்தது. "எங்க போய் முட்டிக்கிட்ட?" என்று வீட்டுக்காரர் கேட்டார். ஆபீசில் ஆடினேன் என்று சொல்ல முடியுமா? ஃபைல் விழுந்தது என்றேன்.

இந்த வயதில் ஒரு பெண்ணின் தோளில் கையை வைத்துக்கொண்டு ஒண்ணு ரெண்டு மூணு என்று முணுமுணுத்தபடி அந்தத் தூசியில் சுற்றியது எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

பிள்ளைகள் விஷயம்தான் தலைவலி. ஏழாம் வகுப்பு, பன்னிரண்டு ஜோடி. பக்கத்துப் பள்ளிக்காரர்கள் பார்த்துவிடக் கூடாது என்று பெரிய மேடம் ஹாலின் தெருப்பக்க ஜன்னல்களை எல்லாம் சாத்தச் சொல்லிவிட்டார். வேர்த்து ஒழுகும் அந்த ஹாலில் பையன்கள் ஒரு சுவரில், பெண்கள் எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கையைப் பிடி என்றால், ஏதோ பாம்பைப் பிடிக்கச் சொன்னது போல் பார்த்தார்கள். ஒருவன் சட்டைக் கைக்குள் விரலை இழுத்துக்கொண்டான். ஒரு பெண் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "மிஸ், அவன் கை எப்பவும் ஈரமா இருக்கு மிஸ்" என்று அழுதாள் இன்னொருத்தி.

டீச்சர் தொடர் ஓட்டத்தில் கொடுத்து வாங்கும் குச்சிகளை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜோடிக்கு ஒரு குச்சி. ஒரு முனையை அவன் பிடிக்க வேண்டும், மறுமுனையை அவள். கீழே விழாமல் ஆட வேண்டும், அவ்வளவுதான். ஓட்டத்தில் குச்சியைத் தவறவிடுவது அவமானம் என்று இவர்களுக்கு முன்பே ஊட்டி வைத்திருக்கிறாள், அதனால் விட மாட்டார்கள். பத்து நாள் கழித்துக் குச்சிக்குப் பதில் பென்சில். அப்புறம் பாதிப் பென்சில். அப்புறம் சாக்பீஸ் துண்டு. ஒருநாள் சாக்பீஸும் இல்லை, ஆனால் கைகள் அதே இடத்தில் இருந்தன. அவர்களுக்கே அது தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நான் கதவோரம் நின்று பார்த்தேன், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

தாளம் வேறு படுத்தியது. டிரில் எல்லாம் நாலு எண்ணித்தான் பழக்கம். மூணு வந்ததும் பிள்ளைகள் அத்தனை பேரும் அசையாமல் நின்றுவிடுவார்கள்.

"ஏன் நிக்கிறீங்க?"

"நாலு எங்க மிஸ்?"

"நாலு கிடையாது. மூணுக்கு அப்புறம் ஒண்ணு."

"அப்ப நாலு எப்ப வரும் மிஸ்?"

பிடித்த கையை எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடுகிறார்கள் என்பது அடுத்த தொல்லை. யாராவது சிரித்தால் விடுவார்கள், எதிரே கணக்கு சார் வந்தால் விடுவார்கள். டீச்சர் தனக்குத் தெரிந்த வழிக்குப் போனாள். ஆட்டத்துக்கும் டிரில் போல ஆணை வைத்தாள். "நான் பிடிங்கன்னா பிடிக்கணும். விடுங்கன்னாதான் விடணும். விட்டா ஒரு அடி பின்னால வெச்சு, கையைத் தொங்கப் போட்டு நிக்கணும். நடுவுல கூரையே இடிஞ்சு விழுந்தாலும் கை பிரியக் கூடாது. புரியுதா?" ஒரு மணி நேரம் அதை மட்டுமே செய்ய வைத்தாள். பிடிங்க! விடுங்க! பிடிங்க! விடுங்க! ஆபீஸ் வரைக்கும் கேட்கும். நாலே நாளில் பிள்ளைகள் யோசிக்காமல் செய்யப் பழகிவிட்டார்கள். காதில் விழுந்தது கைக்குப் போய்விடும், நடுவே மூளைக்கு வேலை இல்லை.

வீட்டில் அவள் விஷயத்தைச் சொன்னது போட்டிக்கு ஒரு வாரம் முன்புதான். அண்ணன் சாப்பிட்ட கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். "எங்களை விட்டுட்டுப் போறியா? அப்படி என்ன குறை வெச்சுட்டோம்?" அண்ணி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த லெட்டர் எல்லாம் நெஜம்தானா? அங்க போய் நீ தனியா என்ன பண்ணுவ?" என்று கேட்டாளாம்.

"நீ என்ன சொன்ன?"

"கையெழுத்தானதும் கிளம்பறேன்னு சொன்னேன். வேற என்ன சொல்லத் தெரியும் எனக்கு?"

ஒன்பதாம் தேதி வந்தது. பதிவுத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க நானும் கூடப் போனேன். பெரிய அரங்கம். மேடையின் பக்கவாட்டில், திரைக்கும் சுவருக்கும் நடுவே, பெரிய மேடம், டீச்சர், நான் மூவரும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். மூச்சு விட்டால் முன்னால் நிற்பவரின் கழுத்தில் பட்டது.

நன்றாகத்தான் ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு ஜோடியும் சொல்லி வைத்தாற்போல் சுற்றின. எனக்கே கால் துடித்தது. நடுவரிசையில் கொக்கு என்று எல்லாரும் கூப்பிடும் உயரமான பெண்ணும், அவள் தோள் உயரமே இருக்கும் பொடியனும் ஒரு ஜோடி. பொடியன் எதையோ பார்த்து வாயைப் பிளந்துவிட்டான். கொக்கின் ஷூவை மிதித்தான். கால் மாறிப்போயிற்று. எல்லாரும் முன்னே போனால் இவன் பின்னே போகிறான், கொக்கு அவனைத் தரதரவென்று இழுக்கிறாள். ஆனால் கையை மட்டும் இருவரும் விடவில்லை. அதுதானே ஆணை.

பெரிய மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, அவன் எல்லாத்தையும் கெடுக்கறான்! என்ன டீச்சர் இது? மானம் போகுது!"

டீச்சர் சமாதானம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வேறென்ன சொல்வாள் அவள்?

"விடுங்க மேடம்."

ரகசியமாகத்தான் சொன்னாள். அவள் ரகசியம் எப்படி இருக்கும் என்றுதான் முன்பே சொன்னேனே. இருபத்து நாலு பிள்ளைகளும் கையை விட்டார்கள். ஒரே நேரத்தில் ஓரடி பின்னால் வைத்தார்கள். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எதிரெதிரே, சிலை மாதிரி நின்றார்கள். இசை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அரங்கத்தில் ஒரு சத்தம் இல்லை.

டீச்சர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நிமிஷம் என் கண் முன்னால் வந்தது பிள்ளைகள் இல்லை, என் டிராயரில் இருந்த நீல ஃபைல்தான். அவள் தோளில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"பிடிங்கன்னு சொல்லுடி!"

"பிடிங்க!"

பன்னிரண்டு ஜோடியும் ஓரடி முன்னே வந்து கைகோத்தன. பொடியனுக்கும் புது ஆரம்பம் கிடைத்துவிட்டது, சரியான காலை எடுத்து வைத்தான். கடைசிவரை ஒரு பிசகு இல்லை. முடிந்ததும் கூரை பிய்ந்துபோகும்படி கைதட்டினார்கள். நடுவர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "நடுவுல பிரிஞ்சு, தனித்தனியா நின்னு, மறுபடியும் சேர்ந்தாங்களே, எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அந்த யோசனை யாரோடது?" என்று கேட்டார். பெரிய மேடம் டீச்சரை மேடைக்குத் தள்ளினார். முதல் பரிசு எங்களுக்கு.

திரும்பி வரும்போது வேனில் பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடினார்கள். டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்குப் பத்தாம் தேதிக்கா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. முன் சீட்டில் பெரிய மேடம் தாளாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா சார், ஃபர்ஸ்ட் பிரைஸ். அடுத்த வருஷம் ஆறு, ஏழு, எட்டு, மூணு வகுப்புக்கும் வெச்சுடலாம் சார். டீச்சர் நம்மகிட்டதானே இருக்காங்க." நான் டீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிச்சல் இல்லை.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மொத்தப் பள்ளியும் வரிசையில் நின்றது. ஆடிய பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து மேடையில் நின்றார்கள். கோப்பையை மேசை மேல் வைத்துவிட்டு, பெரிய மேடம் டீச்சரின் கையைப் பிடித்து மேலே தூக்கினார்.

"இந்த வெற்றிக்கு இவங்கதான் காரணம். இப்படிப்பட்டவங்களை யாராவது விடுவாங்களா? நாங்க விடறதா இல்ல!"

கைதட்டல். டீச்சர் கையை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் குரல் நடுங்கியது.

"விடுங்க மேடம்."

அவர்கள் பின்னால் இருபத்து நாலு பிள்ளைகளும் கையை விட்டு, ஓரடி பின்னால் வைத்து நின்றார்கள். பள்ளியே கொல்லென்று சிரித்தது. பெரிய மேடமும் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் மட்டும் கையை விடவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் டீச்சர் நீல ஃபைலோடு உள்ளே போனாள், அப்படியே வெளியே வந்தாள். பத்தாம் தேதி, பதினொன்று, பன்னிரண்டு. பெரிய மேடம் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். "அந்த ஹாஸ்டலுக்கு எவளாவது போவா. உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா? உங்களுக்கு இங்க என்ன குறை?" என்றார். அண்ணன் சொன்ன அதே வார்த்தை. இரண்டு இடத்திலும் அவளை அன்பாகத்தான் கட்டிப் போட்டார்கள். அடித்து வைத்திருந்தால் பார்க்கிறவர்களாவது கேட்டிருப்பார்கள். எனக்கு அழுகை அழுகையாக வந்தது, கோபமும் வந்தது, இரண்டையும் தட்டச்சுப் பலகை மேல்தான் காட்ட முடிந்தது.

பதினாலாம் தேதி மதியம். அவள் டப்பாவைத் திறக்கவில்லை. நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"டீச்சர், இன்னைக்கு பஸ் பாஸ் ஃபாரம் கையெழுத்துக்குப் போகுது. கட்டுக் கட்டா இருக்கு. மேடம் அதையெல்லாம் பார்த்தா போடறாங்க? போன் பேசிட்டே போட்டுட்டுப் போவாங்க. நடுவுல இன்னொரு தாளும் போகலாம். என்ன சொல்ற?"

அவள் திறக்காத டப்பாவை மறுபடி பையில் வைத்தாள். பிறகு எழுந்தாள்.

"விடுங்கக்கா."

அடுத்த வருஷப் போட்டிக்கு இப்போதே பிள்ளைகளைப் பழக்கச் சொல்லியிருந்தார் மேடம், அதற்காக ஹாலுக்குப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவளுக்காக இடுப்பை ஒடித்துக்கொண்டேனே, வேலைக்கே உலை வைக்கிற காரியத்துக்குத் துணிந்தேனே, இவளுக்கு அதே விடுங்க. போகட்டும், எனக்கென்ன வந்தது என்று ஃபாரங்களை அடுக்கத் தொடங்கினேன்.

அப்போது ஹாலிலிருந்து குரல் வந்தது. பிடிங்க! விடுங்க! பிடிங்க! விடுங்க! அடுக்கிய கை அப்படியே நின்றது. பதினோரு வருடமாக அவள் சொன்ன விடுங்கவை எல்லாம், கண்டுகொள்ளாதே, போனால் போகிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அந்தப் பிள்ளைகள் மட்டும் அந்த வார்த்தைக்கு உள்ள அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு கையை விட்டார்கள். பிடித்திருப்பதை விடச் சொல்கிறாள், விட்டார்கள். அவர்களுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லாமல் போயிற்றே! தப்பாகவே இருந்தாலும் இருக்கட்டும், இன்றைக்கு நானும் அவர்களைப் போல எடுத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். நீல ஃபைலைத் திறந்து, தேதியைப் போட்டு, நாலு பிரதியையும் ஃபாரங்களுக்கு நடுவே செருகினேன்.

பெரிய மேடம் போனில்தான் இருந்தார். நான் தாளின் மேல் பாதியை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அவர் போட்டார், போட்டார், போட்டுக்கொண்டே போனார். அந்த நாலும் எப்போது தாண்டிப் போயிற்று என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கடைசி ஃபாரம் முடிந்ததும், "ஏம்மா, உங்களுக்கு இப்படி வேர்க்குது? ஃபேனைப் போட்டுக்கங்க" என்றார்.

தாளை ஹால் வாசலில் நீட்டினேன். டீச்சர் படித்தாள். கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். விசிலைக் கழற்றாமல், பையை எடுக்காமல், வராந்தாவில் ஓடினாள். வராந்தாவில் ஓடக் கூடாது என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் திருகியவள்! பொடியன் மட்டும், "மிஸ், ஓடாதீங்க மிஸ்" என்று பின்னாலிருந்து கத்தினான்.

அடுத்த நாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீச்சர் விடுதியில் போய்ச் சேர்ந்துவிட்டாள், ஆபீஸ் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய மேடம் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"நான் எப்பம்மா இதுல கையெழுத்துப் போட்டேன்?"

"நேத்து மேடம். பஸ் பாஸ் ஃபாரம் போட்டப்போ."

"படிச்சுப் பார்க்காமயா போட்டேன்?"

"அதை நான் எப்படி மேடம் சொல்றது?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். படிக்காமல் போட்டேன் என்று அவராலும் வெளியே சொல்ல முடியாது. ரொம்ப நேரம் மேசையைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அனுப்பி வெச்சது நீங்க. ஃபைல் ரூம்ல அவங்களோட ஆடினதும் நீங்கதானாமே? அடுத்த வருஷம் மூணு வகுப்பையும் நீங்களே பாத்துக்கங்க" என்றார். என் முழங்காலைப் பற்றி எடுத்துச் சொன்னேன். கேட்டால்தானே.

இப்போது மதியம் முழுக்க, ஜன்னல் சாத்திய அந்த ஹாலில் நான்தான் நிற்கிறேன். என் குரல் மூன்றாம் வரிசையைத் தாண்டாது. "நாலு எங்க மிஸ்?" என்று ஆறாம் வகுப்பு கேட்கிறது. ஒருநாள் ஆற்றாமையில் அவளுக்குப் போன் செய்தேன்.

"ஏன்டி, அன்னைக்கு டப்பாவைத் திறக்காம எழுந்து போனப்போ நீ எந்த விடுங்க சொன்ன? அதெல்லாம் வேணாம்னா, இல்ல, உன்னை விடச் சொல்லியா?"

அந்தப் பக்கம் சிரிப்பு.

"எனக்கே தெரியலக்கா. வாய்ல வந்துடுச்சு."

அவள் பேச்சுக்குப் பின்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. யாரோ, "மேடம், ஸ்டோர் ரூம் சாவி" என்று கூப்பிட்டார்கள்.

"யாரோ தட்டுறாங்க போல. போய்த் திற, அப்புறம் பேசறேன்" என்றேன். பழைய ஆளாக இருந்தால் இந்நேரம் எழுந்து ஓடியிருப்பாள்.

"தாழ்ப்பாள் போட்டிருக்குக்கா" என்றாள். "தட்டட்டும். நீங்க சொல்லுங்க."